சின்னச் சின்னப் பின்னல்கள்

தலைக்குள் காற்று போகும் என்று எமிமாவுக்கு இத்தனை நாள் தெரியாது. தாம்பரத்தை விட்டு ரயில் நகர்ந்ததுமே ஜன்னல் காற்று வகிடு வகிடாகப் புகுந்து ஓடியது. தலை முழுக்க வகிடு. காலையிலிருந்து கல்லூரித் தோழி நீமா பின்னால் உட்கார்ந்துகொண்டு, சீப்பின் கூரான வாலால் கோடு கிழித்துக் கிழித்துப் பின்னிய சின்னச் சின்னப் பின்னல்கள் நெற்றியிலிருந்து பிடரிவரை தோலோடு ஒட்டி ஓடி, அங்கிருந்து முதுகில் விழுந்து கிடந்தன. நெற்றிப்பொட்டு இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. புருவம் மேலே இழுபட்டு, எதையோ பார்த்துத் திடுக்கிட்ட முகத்தோடு உட்கார்ந்திருக்கிறோமோ என்று சந்தேகமாக இருந்தது. தொட்டுப் பார்க்க ஆசை. தொட்டால் எதிர் சீட்டு மஞ்சள் சுடிதார் பார்ப்பாள். தொடாவிட்டாலும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். பார்க்கட்டும், முடிதானே. நேற்றுவரை இதே ரயிலில், இதே லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில், சூடு போட்டு நீட்டிய முடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தபோதும் பார்த்தார்கள். ஆனால் அது வேறு பார்வை. இந்தப் பெண் என்ன ஜாடை, எந்த ஊர் என்று ஒரு நொடி தடுமாறிவிட்டு, அவள் போனில் அம்மாவிடம் “வந்துட்டே இருக்கேன்மா” என்று சொன்னதும் சமாதானமாகிவிடுகிற பார்வை. இன்றைய பார்வைக்குத் தடுமாற்றமே இல்லை. வந்து விழுந்து, அங்கேயே தங்கிவிட்டது. நான் செய்ததுதானே. நானேதானே போய் நீமாவின் விடுதி அறையில் தரையில் உட்கார்ந்தேன். போன வருஷம் ஆப்பிரிக்க மாணவர்கள் சங்கத்துக்குக் கூப்பிட வந்தபோது, “நான் தமிழ்ப் பொண்ணு, நீங்க தப்பா நினைச்சுட்டீங்க” என்று சிரித்துக்கொண்டே அனுப்பியதும் நான்தான். தான்சானியாவிலிருந்து வந்து படிக்கிற நீமா மட்டும் போகாமல் நின்று எமிமாவின் தலையையே பார்த்துவிட்டு, “சரி, நீ தமிழ்ப் பொண்ணு. உன் முடி என்ன பாவம் பண்ணுச்சு?” என்று கேட்டாள். அந்தக் கேள்வி ஒரு வருஷமாக உள்ளே கிடந்து அரித்தது. இன்று காலை முதலாவது பின்னலை முடித்துக் கண்ணாடியைக் கொடுத்தபோது நீமா, “பார், தாதா” என்றாள். அவர்கள் பேச்சில் தாதா என்றால் சகோதரி. எமிமாவுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கண்ணில் தண்ணீர் வந்தது. இழுத்துப் பின்னியதால் வந்த தண்ணீர் என்று இரண்டு பேருமே வைத்துக்கொண்டார்கள்.

அம்மா என்ன சொல்வாள். அம்மா எதுவும் சொல்ல மாட்டாள், அதுதான் பயம். கையிலிருக்கிற கரண்டியையோ துணியையோ கீழே வைத்துவிட்டு, தலையை ஒருமுறை பார்த்துவிட்டு, உள்ளே போய்விடுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா அவளை முன்னால் உட்கார வைத்து, சூட்டுக் கம்பியால் ஒவ்வொரு கொத்தாக நீட்டுவாள். முடி கருகுகிற வாசனையும் தேங்காய் எண்ணெய் காய்கிற வாசனையும் கலந்து வீடு முழுக்க நிற்கும். காது மடலில் சூடு பட்டால், ஆஸ்பத்திரியில் நோயாளிக்குச் செய்கிற மாதிரி ஊதி, மருந்து தடவி, மறுபடியும் கம்பியை எடுப்பாள். “கூட்டத்துல கலந்துடணும்டி. தனியாத் தெரியக் கூடாது.” அம்மா இதைக் கோபத்தில் சொன்னதே இல்லை, மருந்து வேளை சொல்கிற குரலில் சொல்வாள். ஏன் என்று எமிமா கேட்டதும் இல்லை, ஏனென்றால் அவளுக்கே கொஞ்சம் ஞாபகம் இருந்தது. எவ்வளவு ஞாபகம், எவ்வளவு பிறகு கேள்விப்பட்டது என்று பிரிக்க முடியாத ஞாபகம். கடைவீதி. பலூன். பலூன் வேண்டுமென்று அவள் அழ, அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடக்க, யாரோ ஒருவர் “யாருடா நீ, யார் குழந்தைடா அது?” என்று கேட்க, அப்பா தன் கொச்சைத் தமிழில், “என் பொண்ணு, என் பொண்ணு” என்று சொல்லச் சொல்ல ஆட்கள் கூடிக்கொண்டே போனார்கள். அப்பாவின் சட்டை கிழிகிற சத்தம். நிஜமாகவே கேட்டதா அந்தச் சத்தம்? நர்ஸ் உடுப்போடு அம்மா ஓடி வந்தாள். அவர்கள் அந்த உடுப்பை நம்பினார்கள், அப்பாவை நம்பவில்லை. படிக்க வந்து, இங்கேயே கல்யாணம் செய்து, இங்கேயே இருந்துவிடலாம் என்று நினைத்த ஒதியாம்போ என்கிற அந்த மனிதர் அடுத்த வருஷம் கென்யாவுக்குத் திரும்பினார். விசா என்று சொன்னார்கள். இருக்கலாம். இப்போது வாராவாரம் வீடியோவில் வருகிறார். “சாப்டியா கண்ணு?” என்பார், பிறகு சிறிது நேரம் அவளுடைய நீட்டிய முடியையே பார்ப்பார், பிறகு அம்மாவைக் கூப்பிடச் சொல்வார். தன் மொழியில் ஒரு வார்த்தை கூட அவர் கற்றுக்கொடுத்ததில்லை. அம்மா வேண்டாம் என்று சொல்லியிருப்பாளோ. அல்லது அவருக்கே பயமோ.

விமான நிலையத்தைத் தாண்டி ஒரு நிலையத்தில் அந்தப் பெண் ஏறினாள். அவள் ஏறியது எமிமாவுக்கு முதலில் கண்ணில் படவில்லை. பெட்டியில் பேச்சு நின்றதுதான் பட்டது. வெங்காய விலை பேசிக்கொண்டிருந்த குரல் பாதியில் நின்றது. நிமிர்ந்தால், வாசலருகே கம்பியைப் பிடித்தபடி ஒரு ஆப்பிரிக்கப் பெண், இருபத்தைந்து வயதுகூட இருக்காது, பூப்போட்ட பெரிய துணியால் முதுகில் குழந்தையைக் கட்டியிருந்தாள். தூங்கும் குழந்தையின் ஒரு பாதமும், சாய்ந்த கன்னமும் மட்டும் தெரிந்தன. கன்னம் வெளுப்பாக இருந்தது. அந்தப் பெண்ணின் கழுத்து இருந்த கறுப்புக்குப் பக்கத்தில் அந்த வெளுப்பு பளிச்சென்று தெரிந்தது. இந்த வாரம் முழுக்க எல்லார் போனிலும் அதேதான் வந்துகொண்டிருந்தது, வெளிநாட்டு ஆட்கள் பிள்ளை பிடிக்கிறார்கள், வேனில் வருகிறார்கள், பெண்களும் உண்டு, உங்கள் குழந்தைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், அனைவருக்கும் பகிருங்கள். யாரோ ஒரு ஆண் மூச்சு வாங்கப் பேசுகிற குரல் பதிவு. பொய் என்று போலீஸே சொன்னது, அதையும் யாரோ பகிர்ந்தார்கள், ஆனால் அதை யார் கேட்டார்கள். அந்தப் பெண் பெட்டியைச் சுற்றிப் பார்த்தாள், எல்லா முகங்களும் திரும்பிக்கொண்டன, எமிமாவின் தலையைப் பார்த்ததும் அவள் முகம் முழுக்க மலர்ந்துவிட்டது. வராதே. இங்கே வராதே. வேறு இடம் இருக்கிறதே, அங்கே உட்காரேன். அவள் நேராக வந்து எமிமாவின் பக்கத்தில் உட்கார்ந்து, பெருமூச்சு விட்டு, “தாதா” என்று ஆரம்பித்து, தண்ணீர் ஓடுகிற மாதிரி ஒரு மொழியில் பேசத் தொடங்கினாள்.

“தாதாங்குறா பாரு,” என்றாள் மஞ்சள் சுடிதார், பக்கத்திலிருந்த மூக்குத்திக்கார அம்மாளிடம். மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். “இவங்களுக்கு மேல ஒரு தாதா இருக்கான் போல.”

எமிமாவுக்கு விளக்க வேண்டும் போலிருந்தது, அதற்குள் மஞ்சள் சுடிதாரின் கையில் போன் நிமிர்ந்து நின்றது. படம் எடுக்கிறாளா, படிக்கிறாளா. அந்தப் பெண்ணோ இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். வாக்கியத்தின் முடிவில் குரல் ஏறியது, அப்படியென்றால் கேள்வி கேட்கிறாள், பதிலுக்குக் காத்திருக்கிறாள். ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. பின்னலைப் பார்த்து நம்பி வந்துவிட்டாள். எமிமா, “எனக்கு உங்க பாஷை தெரியாது” என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அந்தப் பெண்ணின் முகத்தில் மலர்ந்தது மெல்ல மூடியது. அவளுக்கு ஆங்கிலம் தெரியவில்லை, ஆனால் கைவிடப்பட்டது தெரிந்தது.

“ஏம்மா,” என்றாள் மூக்குத்திக்கார அம்மாள், எமிமாவைப் பார்த்து, சத்தமாக, செவிடரிடம் பேசுவதுபோல. “நீ... எந்த... ஊரு?”

“மெட்ராஸ்தாங்க. இங்கதான் பொறந்தேன். எங்கம்மா நர்ஸ்.”

வாயில் தயாராக இருந்தது அந்த வரி. எத்தனை வருஷமாகத் தயாராக இருக்கிறது. ஊர், பிறப்பு, அம்மாவின் வேலை, இந்த வரிசையில் சொன்னால் போதும். சொன்னதும் பெட்டியே மூச்சு விட்டது. “அட, நம்ம பொண்ணு!” என்றாள் அம்மாள். “தமிழ் எவ்ளோ சுத்தமாப் பேசுது பாரேன். ஏம்மா, நல்ல முடியை இப்படிப் பண்ணி வச்சிருக்கே?” யாரோ சிரித்தார்கள். எமிமாவும் சிரித்தாள், அவள் முகம் தானாகச் சிரித்தது. அந்தச் சிரிப்பில் ஒரு சுகம் இருந்தது, மழையில் நனைந்து வந்தவளுக்குத் துண்டு கொடுத்ததுபோல. நம்ம பொண்ணு. துண்டு ஈரமாகும் முன்பே அம்மாள் அடுத்ததைச் சொல்லிவிட்டாள்: “அப்ப நீயே கேளு அவகிட்ட. அந்தக் குழந்தை யாருதுன்னு கேளு.”

கேள். கேட்டுத்தான் பாரேன். கேட்டால் என்ன குறைந்துவிடும், அவள் பதில் சொல்வாள், எல்லோரும் சமாதானமாவார்கள். எந்த மொழியில் கேட்பாய். என்னவென்று கேட்பாய். யார் குழந்தைடா அது. பெட்டியில் இப்போது எல்லோரும் அவளையே பார்த்தார்கள், பக்கத்தில் இருந்தவளும் பார்த்தாள். அந்த நேரத்தில் எமிமாவின் கண் தன்னை மீறிக் குழந்தையின் கன்னத்துக்குப் போயிற்று. வெளுப்புதான். இந்த வெளுப்பு எப்படி. ஒருவேளை நிஜமாகவே. ஒருவேளை இந்தத் துணிக்குள் இருப்பது யாருடையதோ, எங்கோ ஒரு வீட்டில் ஒருத்தி மார்பில் அடித்துக்கொண்டு தேடுகிறாளோ. அந்த எண்ணம் முழுசாக வந்து நின்றபோது எமிமா சட்டென்று கண்ணைத் திருப்பிக்கொண்டாள். இது என் எண்ணமா, அவர்களுடையதா. எனக்குள் எப்போது வந்து குடியேறியது. அன்று கடைவீதியில் சுற்றி நின்றவர்கள் கெட்டவர்கள் என்றே இதுவரை நினைத்திருந்தாள். அவர்களுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும், ஒரு வெளுப்பு, ஒரு கறுப்பு, ஒரு அழுகை, அவ்வளவுதான். நல்லவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்திருக்கும். அதனால்தான் அடித்திருப்பார்கள்.

“கேளும்மா,” என்றாள் மஞ்சள் சுடிதார். போன் இன்னும் நிமிர்ந்தே இருந்தது.

எமிமா அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி, குழந்தையைக் காட்டி, பிறகு அவள் நெஞ்சைக் காட்டி, புருவத்தை உயர்த்தினாள். அந்தப் பெண் அவள் விரலைப் பார்த்தாள். புரிந்துவிட்டது. முகத்தில் கோபம் வரும் என்று எமிமா எதிர்பார்த்தாள். கோபம் வந்திருந்தால் தாங்கியிருக்கலாம். வந்தது களைப்பு. நீயுமா என்கிற களைப்பு. அவள் தாழ்ந்த குரலில் நீளமாக ஏதோ சொன்னாள். நடுவில் ஒருமுறை குரல் உடைந்தது. சொல்லி முடித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“என்ன சொல்றா?”

ஒன்றும் தெரியாது. ஒரு வார்த்தை தெரியாது. எமிமா வாயைத் திறந்தாள், வார்த்தைகள் சரளமாக வந்தன, அவள் அம்மாவின் மருந்து வேளைக் குரலில். “அவங்க குழந்தைதானாம். பொறந்து மூணு மாசம் ஆகுதாம். வீட்டுக்காரருக்கு இங்க ஆஸ்பத்திரியில ஆபரேஷனாம். யாரும் துணைக்கு இல்லையாம். வழி தெரியாம காலையிலேர்ந்து அலையறாங்களாம்.” சொல்லச் சொல்ல அவளுக்கே அந்தக் கணவன் கட்டிலில் படுத்திருப்பது தெரிந்தது. “அவங்க ஊர்ல குழந்தைங்க பொறக்கும்போது வெளுப்பாத்தான் இருக்குமாம். அப்புறம்தான் நிறம் வருமாம். நானும் அப்படித்தான் இருந்தேன்னு எங்கம்மா சொல்லுவாங்க.” கடைசி வரி மட்டும் உண்மை. அதைச் சொன்னபோதுதான் குரல் நடுங்கியது.

“பாவமே,” என்றாள் மூக்குத்திக்கார அம்மாள். எங்கிருந்தோ “ஆமா, எல்லாம் நடிப்பு” என்று ஒரு குரல். குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டது. அந்தப் பெண் துணியை அவிழ்த்துக் குழந்தையை முன்னால் கொண்டுவந்தபோது அவளுடைய மேல்சட்டையின் முன்பக்கம் இரண்டு இடத்தில் நனைந்து கறுத்து விரிவதை எல்லோரும் பார்த்தார்கள். பால். குழந்தையின் அழுகைக்குத் தானாகச் சுரக்கிற பால். எமிமா தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் கறையைப் பார்ப்பதற்கு முன்னால் நீ நம்பவில்லை, பொய்தான் சொன்னாய், நம்பிச் சொல்லவில்லை. மஞ்சள் சுடிதார் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். கொஞ்சம் பொறுத்து, யாரையும் பார்க்காமல், “நான் எங்க ஏரியா குரூப்ல போட்டுட்டேன்,” என்றாள். “டெலீட் பண்ணிட்டேன். ஆனா ரெண்டு மூணு பேர் பார்த்துட்டாங்க.”

“என்ன போட்டீங்க?”

“போட்டோதான். லேடீஸ் கம்பார்ட்மென்ட்ல ரெண்டு பேர் குழந்தையோட இருக்காங்கன்னு.”

ரெண்டு பேர். எமிமா அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரயில் பாட்டுக்கு ஓடியது. வெளியே துணி காயும் மொட்டை மாடிகள், சாயம் போன சுவர்கள், ஒரு கோயில் கோபுரத்தின் முதுகு, தினமும் பார்க்கிறவைதான், ஆனால் எல்லாம் தெரிந்தும் சொல்லாமல் இருக்கிறவைபோல இருந்தன. அடுத்தது அவள் இறங்க வேண்டிய நிலையம். இறங்கினால் நடை தூரத்தில் வீடு. துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டால் யாருக்கும் தெரியாது. பால் கொடுத்து முடித்த அந்தப் பெண் குழந்தையை அவளிடம் நீட்டினாள். துணியைச் சரிசெய்து கட்டிக்கொள்ள வேண்டுமாம், இரண்டு கையும் வேண்டும். எமிமா வாங்கிக்கொண்டாள். இளஞ்சூடாக, எதிர்பார்த்ததைவிடக் கனமாக, பால் வாசனையோடு குழந்தை அவள் தோளில் தலையைச் சாய்த்தது. ரயில் நின்றது. “நீ எறங்கிடும்மா,” என்றாள் மூக்குத்திக்கார அம்மாள் அவசரமாக. “நம்ம பொண்ணு நீ, உனக்கெதுக்கு இதெல்லாம்?” பிளாட்பாரத்தில் நாலைந்து ஆட்கள் ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். ஒருவன் கையில் போன். அவன் அந்த ஜன்னலுக்கு வந்து, போனைப் பார்த்தான், பின்னல்களைப் பார்த்தான், அவள் தோளில் கிடந்த வெளுத்த முகத்தைப் பார்த்தான்.

“யார் குழந்தை இது?”

தயாராக இருந்த வரி நாக்கில் வந்து நின்றது. மெட்ராஸ்தாங்க, இங்கதான் பொறந்தேன், எங்கம்மா நர்ஸ். சொன்னால் அவள் தப்பித்துவிடுவாள். சொன்னால் அந்த நிமிஷமே இங்கே இரண்டு பேர் ஒருத்தியாகிவிடுவார்கள்.

“எங்க குழந்தை,” என்றாள்.

“எங்கன்னா?”

“எனக்கும் இவங்களுக்கும். எங்க குழந்தை.”

அவளுடைய தமிழ் அவனை ஒரு நொடி குழப்பியது. பின்னால் நின்றவன், “ஏறுடா, ஏறிப் பாத்துடலாம்,” என்றான். இரண்டு பேர் வாசலில் காலை வைத்தார்கள், ஒருவன் உள்ளேயே வந்துவிட்டான், செருப்புச் சத்தம், வியர்வை வாசனை. சட்டை கிழிகிற சத்தம் இப்போது கேட்கும் என்று எமிமா குழந்தையின் தலையைக் கையால் மூடினாள். கேட்டது வேறு சத்தம். “யோவ்! லேடீஸ் கம்பார்ட்மென்ட்யா இது!” மஞ்சள் சுடிதார் எழுந்து நின்று கத்தினாள். “எழுதியிருக்கிறது தெரியலையா? எறங்குய்யா கீழ!” உடனே எல்லோரும் கத்த ஆரம்பித்தார்கள். தினமும் ஏதாவது ஒரு ஆண் தெரியாமல் ஏறும்போது எழுகிற அதே பழகிய கூச்சல். மூக்குத்திக்கார அம்மாள் குடையை ஓங்கினாள். ஒருத்தி போலீஸ் நம்பரைக் கூவினாள். குழந்தையைப் பற்றியோ அந்தப் பெண்ணைப் பற்றியோ ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உள்ளே வந்தவன் பின்வாங்கி இறங்கினான். ரயில் நகர்ந்தது. அவர்கள் பிளாட்பாரத்தில் சிறிது தூரம் கூடவே நடந்து, நின்று, போனை உயர்த்தி மறுபடியும் படம் எடுத்தார்கள்.

இரண்டு நிலையம் தள்ளி அந்தப் பெண்ணுக்கு இறங்க வேண்டியிருந்தது. எமிமாவும் கூடவே இறங்கி, நிலைய வாசலில் அவளை ஆட்டோவில் ஏற்றி, அவள் காட்டிய ஆஸ்பத்திரி அடையாளச் சீட்டை டிரைவரிடம் படித்துக் காட்டி, வண்டி நம்பரைப் பார்க்கிறேன் என்பது டிரைவருக்குத் தெரியும்படி பார்த்தாள். ஆஸ்பத்திரிதான். அவள் பொய்யாகச் சொன்னதில் அதுமட்டும் உண்மையாகிவிட்டிருந்தது. அந்தப் பெண் ஆட்டோ கிளம்பும்போது எமிமாவின் மணிக்கட்டைப் பிடித்து அழுத்திவிட்டு விட்டாள். நன்றியா, இன்னும் பயமா, எமிமாவுக்குத் தெரியவில்லை. திரும்பிப் போகிற ரயிலுக்காக அவள் பிளாட்பாரத்துக்கு வந்து ஒரு தூணோரம் நின்றாள். வெயில் இன்னும் இருந்தது. தண்டவாளம் கண் கூசியது. எதிர்ப் பிளாட்பாரத்தில் ஒருவர் செய்தித்தாளை மடித்துவிட்டு அவளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். சும்மா பார்க்கிறார். சும்மாதான். அடுத்து வருகிற ரயிலில் எந்தப் பெட்டி, யார் யார் இருப்பார்கள், அவர்களில் எத்தனை பேர் போனுக்கு அந்தப் படம் வந்திருக்கும்.

போன் அதிர்ந்தது. அம்மா. ஒரு படம், அதன் கீழே ஒரு செய்தி.

படம் மங்கலாக, சாய்வாக இருந்தது. ஜன்னலோரம் இரண்டு பெண்கள், இருவருக்கும் முகம் பாதிதான், வெளிச்சத்தில் கரைந்து போயிருந்தது. தெளிவாக இருந்தது முடியும், துணியும், குழந்தையின் கன்னமும்தான். மேலே சிவப்பு எழுத்தில் யாரோ எச்சரிக்கை என்று சேர்த்திருந்தார்கள். கீழே அம்மா எழுதியிருந்தாள்: “இதப் பாரு. நம்ம லைன்லயே ரெண்டு பொண்ணுங்களைப் பத்திப் போட்டுட்டு இருக்காங்க. யாரு பெத்த பிள்ளைங்களோ. ஜனங்க வெறி பிடிச்சு அலையறாங்க. நீ முடியை நல்லா இழுத்துக் கட்டிக்கிட்டு, துப்பட்டா போட்டுக்கிட்டு வா. யார்கிட்டயும் பேசாதே. எங்க இருக்க?”

எமிமா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அம்மா இதைப் பெரிதாக்கிப் பார்த்திருப்பாள், எப்போதும் எல்லாவற்றையும் அப்படித்தான் பார்ப்பாள், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, விரலால் விரித்து விரித்து. பார்த்துமா அடையாளம் தெரியவில்லை. பத்தொன்பது வருஷமாக அந்தத் தலையைக் கையில் வைத்திருந்தவள். தூணின் நிழல் அவள் காலடியிலிருந்து நகர்ந்து போயிருந்தது. தலையோடு ஒட்டிய பின்னல்களில் வெயில் நேராக விழுந்தது, வகிடு ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சுட்டது. அவள் துப்பட்டாவை எடுக்கவில்லை. எழுதினாள், அழித்தாள், மறுபடியும் எழுதினாள்.

“இடது பக்கம் இருக்கறது நான்தான்மா.”

அனுப்பினாள். அம்மா பார்த்துவிட்டதற்கான நீலக் குறி உடனே வந்தது. எழுதுகிறாள் என்று காட்டியது, நின்றது, மறுபடியும் எழுதுகிறாள் என்று காட்டியது, நின்றது. தூரத்தில் ரயில் கூவியது. பிளாட்பாரத்தில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் இவள் பக்கமாகத் திரும்பிப் பார்த்தார்கள், ரயில் வருகிற திசை அதுதான்.